ஏலகிரியில் இரண்டு குடில்கள்



சென்னையிலிருந்து பெங்களூருக்கோ கோவைக்கோ இரயிலில் பயணம் செய்திருப்பீர்களாயின், ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து ஜோலார்பேட்டைச் சந்திப்பை வண்டி நெருங்கும் வேளையில், சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்கும் ஒரு மலையைச் சாளரத்தின் வழியே கண்டிருப்பீர்கள். அதுதான் ஏலகிரி. சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஓடும் விரைவு வண்டி ஒன்றுக்கே இம்மலையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மலையில் ஊட்டியின் கடுங்குளிரும் இல்லை. ஊட்டியின் செலவும் இல்லை. ஆகவே 'ஏழைகளின் ஊட்டி' என்று மக்கள் இதனை அழைப்பதில் வியப்பேதுமில்லை.

பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் திருப்பத்தூர் மாவட்டம் உதயமாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இம்மாவட்டத்தில் அடங்கியவையே. இவ்விரு நகரங்களைப் பற்றி நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டு உலகச் சந்தைக்கு அனுப்பிய ஊர்கள் அவை. பின்னர் குரோம் முறைக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் மாறிக்கொண்டன. தோலில் ஈட்டிய பொருளைக் கல்விக்கும் வழங்கியவர்கள் இவ்வட்டாரத்து முன்னோர்கள். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் அதற்குச் சான்று பகர்கின்றன. அதே தொழிலின் கழிவு பாலாற்றைப் பாழ்படுத்தியதும், 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அது குறித்து வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த தீர்ப்பை வழங்கியதும் மறைக்கவொண்ணாத செய்திகள்.

டேனரியின் நெடியிலும் தொழிற்சாலையின் இரைச்சலிலும் ஆறு நாட்கள் உழைக்கும் இவ்வூர் மக்களுக்கு ஏழாம் நாள் மூச்சுவிட இறைவன் அருகிலேயே தந்த இடம் ஏலகிரி. வாருங்கள், மலையேறுவோம்.

திருப்பத்தூரிலிருந்து வந்தாலும் வாணியம்பாடியிலிருந்து வந்தாலும் பொன்னேரி என்ற ஊரில்தான் மலைப்பாதை பிரிகிறது. அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளைவுகளுக்குக் கம்பர், இளங்கோ, ஔவை முதலான புலவர்களின் பெயர்களையும், பாரி, காரி, ஓரி முதலான வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். வந்தவர்க்கு வாரி வழங்கிய அரசர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே விருந்தினராக ஏறுவது இம்மலைக்கே உரிய தனிச்சிறப்பு.

மேலே சென்றால் அது ஒரு நகரமன்று; அத்தனாவூர், நிலாவூர், புங்கனூர், மங்கலம், கோட்டையூர் எனப் பதினான்கு சிற்றூர்களின் தொகுதி. புங்கனூரில் செயற்கை ஏரியும் படகுத் துறையும் உண்டு. சுவாமிமலை என்ற சிகரத்துக்குக் கால்நடையாக ஏறலாம். மலையின் மறுபுறத்தில், திருப்பத்தூர்ப் பக்கமாக, ஜலகாம்பாறை அருவி இருக்கிறது. பலா மணக்கும் தோட்டங்களைக் காணலாம்; தேனும் கிடைக்கும். இங்குள்ள பூர்வகுடிகளை 'மலையாளி' என்பர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே சொல்லின் பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் கதை. மலை முழுவதும் ஒரு காலத்தில் ஏலகிரி ஜமீன்தாருக்குச் சொந்தமாயிருந்து, 1950களில் அரசின் வசமாயிற்று.

முன்னாட்களில் இங்கு இரவு தங்க விரும்பியவர்களுக்கு இருந்த இடங்கள் மிகச் சில. இன்றோ, சாலையின் இருமருங்கிலும் 'குடில்', 'காட்டேஜ்', 'ஹோம் ஸ்டே' என்ற பலகைகள் தொங்குகின்றன. பெரும் முதலாளிகளின் விடுதிகளும் அவற்றில் உண்டு. ஆனால் இக்கட்டுரை பேச விரும்புவது, ஒரு குடும்பம் தானும் குடியிருந்துகொண்டு, இரண்டொரு அறைகளை வாடகைக்கு விடும் சிறு இல்லங்களைப் பற்றியே. இத்தகைய இல்லங்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் வகுத்திருக்கும் இலக்கணம் சிந்திக்கத் தக்கது. அறைகள் ஒன்றிலிருந்து ஆறு வரை இருக்கலாம். ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தோடு அதே இடத்தில் வசிக்க வேண்டும். அதாவது, குடும்பம் இல்லையேல் இந்தத் தொழிலே இல்லை.

அப்படியானால், அந்தக் குடும்பத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தால் என்னவாகும்? இக்கேள்விக்கு விடையை என் உறவுக்குள்ளேயே காண நேர்ந்தது. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, பெயர்களைத் தவிர்த்து, அதனை உங்கள் முன் வைக்கிறேன்.

என் சாச்சா அவர்கள் ஒரு டேனரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதியவர்கள். வேலையிலிருந்து விடுபட்டபோது கையில் கிடைத்த தொகையைக் கொண்டு, 2009இல் நிலாவூரில் ஒரு பழைய வீட்டையும் அதனைச் சேர்ந்த இரு ஓட்டுக் குடில்களையும் பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் வேண்டாமென்று தடுத்தோம். "கணக்கில் பார்த்த பணமெல்லாம் பிறருடையது, இனி நாலு பேரின் முகத்தைப் பார்க்கலாமே" என்று சொல்லிச் சிரித்தார்கள். சாச்சியோ ஒன்றும் சொல்லாமல் தம் பெரிய தேக்சாவைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இத்தொழில் ஓய்வுபோலத் தோன்றும். உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும் அதன் உழைப்பு. பஜ்ருக்கு எழுந்து வெந்நீர் அடுப்பை மூட்ட வேண்டும். மூடுபனி நாட்களில் துவைத்த விரிப்புகள் காயமாட்டா. வீட்டுக் கூடத்திலேயே கயிறு கட்டி உலர்த்த வேண்டும். கோடையில் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் வாரக் கடைசிகளிலும் வருமானம். மற்ற நாட்களில் குடில்கள் வெறுமையாய்க் கிடக்கும். அந்த இரண்டு மாதங்களே ஆண்டின் குத்தகையைக் கட்டும். ஆகவே அந்த இரண்டு மாதங்களில் வீட்டில் எவரும் நோயுறக்கூடாது, திருமணங்களுக்குச் செல்லக்கூடாது, அழுவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும். இது சாச்சியின் வாய்மொழி.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் ஓர் இரவு. ஒரு குடிலில் பெங்களூரிலிருந்து வந்த சகோதர சமயக் குடும்பம். மற்றதில் சென்னை இளைஞர்கள் நால்வர். இஷாத் தொழுகையை முடித்துவிட்டு, விருந்தினரின் குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துத் திரும்பிய சாச்சா அவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார்கள். வீட்டில் ஒரு கார் இருந்தது; ஆனால் அதனை ஓட்டத் தெரிந்தவர் அவர்கள் ஒருவர் மட்டுமே. பெங்களூர்க் குடும்பத்தின் தலைவர், அதற்கு முன் ஒரே ஒரு முறை, அதுவும் பகலில், ஏறி வந்த அந்தப் பாதையில், இருளில் பதினான்கு வளைவுகளையும் இறங்கித் திருப்பத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். வரும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாக மருத்துவர் கூறினார்.

மலைமேல் அந்நேரம் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். வீட்டில் வேலைக்கு உதவியாக இருந்த மலையாளிப் பெண்மணி செய்தி கேட்டு ஓடிவந்து பூட்டிய வீட்டின் வாசலில் விடியும்வரை அமர்ந்திருந்தார். சென்னை இளைஞர்கள் தங்கள் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, வெளிவிளக்குகளை ஏற்றி வைத்து, அவருக்குத் துணையிருந்தார்கள். மறுநாள் லுஹருக்குப் பின் திருப்பத்தூர் கபர்ஸ்தானில் நல்லடக்கம் நடைபெற்றபோது, முந்தைய நாள் வரை முன்பின் அறிந்திராத அந்த ஐந்து ஆண்களும் வெயிலில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். விருந்தினர்கள் அறைச் சாவியைத் திருப்பித் தரும் முறை ஒன்று உண்டு. அன்று அச்சாவிகளை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வாங்கிக்கொள்ள எங்களுக்கும் தோன்றவில்லை.

அன்பர்களே! நம் மார்க்கத்தில் விருந்தினரின் உரிமை மூன்று நாள் என்பது நீங்கள் அறிந்ததே. இறந்தவருக்காகத் துக்கம் காப்பதற்கும் மூன்று நாளே எல்லை. மனைவிக்கு மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும். கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே அந்த நாட்களைக் கழிப்பது முறை. அச்சமோ இடையூறோ இருப்பின் இடம் மாறலாம். திருப்பத்தூரில் மகள் வீட்டில் இருந்துகொள்ளும்படி பிள்ளைகள் மன்றாடினார்கள். சாச்சியோ, "நான் வாழ்ந்த வீடு மலைமேல் இருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். இளைய மகள் துணைக்குச் சென்றாள். மலையாளிப் பெண்மணி இரவு நேரங்களில் உடன் படுத்துக்கொண்டார்.

வீடோ விருந்தினர் இல்லம். வாசலோ ஊருக்கெல்லாம் திறந்த வாசல். வாயிற்கதவில் 'இல்லை' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள். எனினும் தொலைபேசிக்கு யார் பலகை மாட்டுவது? மே மாதத்துக்கு இடம் பதிந்தவர்கள் ஒவ்வொருவராக அழைத்தார்கள். "பாய் இருக்கிறாரா? எங்களுக்கு அதே குடில்தானே?" என்று உற்சாகமாகக் கேட்பார்கள். மகள் ஒவ்வொரு முறையும் தன் தந்தையின் மரணத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் சிலர் அழுதார்கள். சிலர் பேச்சற்றுப் போனார்கள். ஒருவர் மட்டும், "அப்படியானால் வேறு நல்ல இடம் ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். அந்த மனிதரையும் குறைகூற வேண்டாம் என்பது சாச்சியின் கட்டளை. "அவர் விலைக்கு வாங்கியது அறையை. நம் துக்கம் அதில் சேர்த்தியில்லை" என்றார்கள்.

அடுத்து வந்தது முன்பணக் கணக்கு. இறந்தவரின் சொத்தில் அடக்கச் செலவுக்குப் பின் முதலில் தீர்க்கப்பட வேண்டியது கடன். அதன் பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும். சாச்சாவின் குறிப்பேட்டைப் பிரித்தபோது, டேனரிக் கணக்கரின் அழகிய கையெழுத்தில், பதினோரு குடும்பங்கள் செலுத்திய 38,500 ரூபாய் பைசா சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பணமோ சீசனுக்கு முன்பே ஓடு மாற்றுவதிலும் தண்ணீர்த் தொட்டியிலும் செலவாகிவிட்டது. வளைகுடாவில் பணிபுரிந்த மகன் ஒரு பகுதியை அனுப்பினான். மின்வெட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டரை விற்றதில் மறுபகுதி கிடைத்தது. பதினோரு பேருக்கும் பணம் அனுப்பப்பட்டது. மூன்று குடும்பங்கள் அதனைத் திருப்பி அனுப்பின. "இது வாடகை அல்ல; அவர் ஊட்டிய உணவுக்கு எங்கள் பங்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சாச்சி அந்த மூன்று தொகைகளையும் சாச்சாவின் பெயரால் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள். எழுதி வைக்கப்பட்ட ஒரு குறிப்பேடு இல்லாதிருந்தால் மர்ஹூம் அவர்களின் தலையில் எத்தனை பேரின் கடன் ஏறியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மே மாத நடுவில் நோன்பு வந்தது. ஜூனில் பெருநாள் வந்தது. ஆகஸ்டில் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போயிற்று. மூன்றும் இத்தாவுக்குள்ளேயே கழிந்தன. சீசன் முழுவதும் குடில்கள் பூட்டிக் கிடந்தன. முன்பெல்லாம் தமக்கென்று ஒரு நிமிடம் கிட்டாத அந்த வீட்டில், சாச்சி முதன்முறையாக முற்றத்தில் அமர்ந்து மலையைப் பார்த்தார்களாம். "ஒன்பது வருடம் இங்கே இருந்திருக்கிறோம். வந்தவர்கள் எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை" என்று அவர்கள் என்னிடம் கூறியபோது, ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை கிட்டவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் இத்தா முடிந்தது. 2019இல் குத்தகையும் முடிந்தது. "போதும், இறங்கி வாருங்கள்" என்றார்கள் பிள்ளைகள். சாச்சி மீண்டும் ஐந்தாண்டுக்குக் கையெழுத்திட்டார்கள்; ஆனால் பழைய முறையில் அன்று. இஷாவுக்குப் பிறகு அடுப்பு இல்லை. ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் குடில்கள் விருந்தினருக்கு இல்லை. அந்நாட்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்குவர். மூன்றாவதாக, 'இல்லத்தில் நோயோ துக்கமோ நேர்ந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று பலகையிலேயே எழுதி வைத்தார்கள். வியாபாரம் கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தார் எச்சரித்தார்கள். கெடவில்லை. பலகையைப் படித்தவர்கள் உள்ளே ஒரு குடும்பம் இருப்பதை உணர்ந்து காலணியைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

சோதனை அத்தோடு முடியவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அந்தக் கோடை போயிற்று. 2021 மே 10இல் தமிழகத்தில் மீண்டும் முழு ஊரடங்கு. அந்தக் கோடையும் போயிற்று. மலைமேல் கடன் வாங்கிக் குடில் கட்டிய பலர் கலங்கி நின்ற வேளையில், "இதைவிட நீண்ட இத்தாவை நான் இருந்திருக்கிறேன்" என்று சொல்லி, சாச்சி குடில்களின் முன்புறத்தில் அவரையும் கத்தரியும் பயிரிட்டார்கள். மலையாளிப் பெண்மணிக்குப் பாதிச் சம்பளமாவது நிற்காமல் கொடுத்தார்கள். 2024இல் வயதை உத்தேசித்து ஒரு குடிலை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றதை மட்டும் இன்றும் நடத்தி வருகிறார்கள். ஒப்படைத்தது, சாச்சா கடைசியாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்த குடில். "அதை நானே பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம்" என்பதைத் தவிர அவர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை.

வாசக அன்பர்களே! ஓய்வுத் தொகையை மலைப் பகுதிகளில் முதலீடு செய்து அமைதியாக வாழலாம் என்ற எண்ணம் இப்போது நம் குடும்பங்களில் பெருகி வருகிறது. அவ்வெண்ணம் உடையோர் சில செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். குத்தகையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள்; ஒருவர் மறைந்தால் மற்றவர் அந்நியராகிவிடக் கூடாது. முன்பணத்தைச் செலவுப் பணமாகக் கருதாமல், விருந்தினர் வந்து தங்கும்வரை அமானிதமாகத் தனியே வையுங்கள். வாகனம் ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இருவராவது இருக்கட்டும். கட்டடம் நிற்கும் சரிவை அறிந்தோரிடம் காட்டி ஆய்ந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதே ஆண்டு டிசம்பர் 1இல் நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வீடு மண்ணில் புதைந்து எழுவர் மாண்டனர். மலை அழகானது, ஆயினும் மழைக்காலத்தில் அதன் குணம் வேறு.

அனைத்துக்கும் மேலாக, ஆண்டில் சில நாட்களையேனும் விலைக்கு விற்காமல் உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களின் வாடகையை எந்த விருந்தினராலும் பின்னர் கொடுத்து ஈடுசெய்ய முடியாது.

விருந்தினராகச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். ஏலகிரிக்குச் செல்லுங்கள், மழை ஓய்ந்த பின் வரும் இளங்குளிர் மாதங்கள் நெரிசலின்றி இனிமையாயிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே மலையேறி முடியுங்கள். குடும்பம் வசிக்கும் இல்லத்தில் இடம் பதிந்தால், புறப்படும் முன் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். வெந்நீர் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்கும் முன், "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

சாச்சா அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்கி, வழிப்போக்கர்க்கு அவர்கள் ஊட்டிய ஒவ்வொரு கவளத்துக்கும் வல்ல நாயன் நற்கூலி வழங்குவானாக! அந்த இரவில் முன்பின் அறியாதவருக்காகக் காரோட்டிய அந்த அன்பருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நீடித்த நல்வாழ்வை அருள்வானாக! ஆமீன்.